ஆள் கூப்பிடாதே, அடைப்பை நீயே எடு

போன போகியன்று காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டுக்காரர் மாடிப்படி ஏறி வந்தார். குடிவந்து இரண்டு வருடத்தில் அவர் மாடிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. வாடகையைக்கூட வாசலில் நின்று குரல் கொடுத்துத்தான் வாங்குவார். முகத்தில் ஒரு குழைவு.

"தம்பி, ஒரு சின்ன ஒதவி. கீழ கக்கூஸ் அடச்சிக்கிச்சு. பண்டிகைக்கு மக வீட்லேருந்து எல்லாரும் வந்திருக்காங்க. ஒங்க பக்கத்துல யாராச்சும் ஆள் இருந்தா வரச் சொல்லுங்களேன்."

ஒங்க பக்கத்துல!

நான் அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளர். என் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஆள் என்றால் ஒரு வழக்கறிஞர், இரண்டு பள்ளி ஆசிரியர்கள், ஆட்டோ ஓட்டுகிற என் சித்தப்பா மகன். இதில் யாரை வரச் சொல்லட்டும்? வீடு கேட்டுப் போன அன்றே "சொந்த ஊர் எது, அதுல எந்தத் தெரு, அப்பாவுக்கு என்ன வேல" என்று மூன்றே கேள்வியில் அவர் தெரிந்துகொண்ட விவரம் அது. தெரிந்தும் வீடு கொடுத்தார், அவர் முற்போக்கு. அந்த விவரம் இரண்டு வருடம் அவருக்குள் பத்திரமாகத் தூங்கியிருக்கிறது. கக்கூஸ் அடைத்ததும் எழுந்துவிட்டது.

நான் உள்ளே போய் எங்கள் கக்கூஸ் மூலையில் நின்ற பிளஞ்சரை எடுத்துவந்து நீட்டினேன். ரப்பர் கிண்ணம் மாட்டிய குச்சிதான், வேறொன்றுமில்லை. செத்த பாம்பை நீட்டியதுபோலப் பார்த்தார். பிறகு படிக்குக் கீழே நின்ற மருமகளைப் பார்த்தார்.

"அவங்ககிட்ட இல்ல சார், ஒங்ககிட்டதான் குடுக்குறேன். நான் பக்கத்துல நின்னு சொல்றேன். நீங்க குத்துங்க. அஞ்சு நிமிசத்து வேல."

வாங்கவில்லை. நான் அதைப் படிக்கட்டுச் சுவரில் சாய்த்து வைத்தேன். பதினோரு மணிக்கு எங்கிருந்தோ ஓர் ஆளைப் பிடித்துவிட்டார். அதைக் கடைசியில் சொல்கிறேன். மூன்றாவது மாதம் "மகன் குடும்பத்தோட வர்றான், வீடு வேணும்" என்றார். மகன் வந்ததாகத் தகவல் இல்லை. அதுவும் கிடக்கட்டும்.

இந்த 'ஆள்' என்ற சொல்லைக் கவனியுங்கள் தோழர்களே. மின்சாரம் போனால் எலக்ட்ரீசியன். குழாய் ஒழுகினால் பிளம்பர். கதவு இறுகினால் ஆசாரி. சுவர் வெடித்தால் கொத்தனார். கக்கூஸ் அடைத்தால் மட்டும் ஆள்! பிளம்பரே வந்து எட்டிப் பார்த்துவிட்டு "இதுக்கு வேற ஆள் வரணும் சார்" என்று போய்விடுவார். அந்த வேற ஆளுக்குத் தொழில் பெயர் கிடையாது. சாதிப் பெயர் மட்டும் உண்டு. அதை வாய்விட்டுச் சொன்னால் இப்போது வழக்கு வரும் என்பதால் 'ஆள்' என்கிறார்கள். நகராட்சி ஏட்டில் தோட்டி என்று எழுதினார்கள். பிறகு துப்புரவுப் பணியாளர் என்றார்கள். இப்போது தூய்மைப் பணியாளர். பெயரை மாற்ற மாற்ற அதே தெருவிலிருந்துதான் ஆள் வருகிறது.

அந்தக் கக்கூசுக்குள் அப்படி என்ன பூதம் இருக்கிறது? பார்ப்போம்.

மலம் போகிற ஓட்டைக்குக் கீழே குழாய் நேராக இறங்காது. ஒரு வளைவு வளைந்து ஏறி, பிறகு இறங்கும். அந்த வளைவில் எப்போதும் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கும். சாக்கடைக் காற்று வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். எஸ் வடிவில் வளைந்த இந்தக் குழாய்க்கு 1775இல் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் கம்மிங். அவர் லண்டனில் கடிகாரம் செய்தவர். அரசருக்கே கடிகாரம் செய்து கொடுத்த கை, மலம் போகும் வழியை யோசித்து ஒரு கருவி செய்தது. கை தீட்டாகிவிடவில்லை, கடிகாரம் ஓடாமல் போகவுமில்லை. நம்முடைய சாத்திரக்காரர்கள் அதே விசயத்துக்கு ஒரு சாதியைச் செய்து வைத்தார்கள். கருவி எதற்கு, அதற்குத்தான் நாம் இருக்கிறோமே!

நூற்றுக்குத் தொண்ணூறு அடைப்பு அந்த வளைவில்தான் நிற்கும். நின்றுகொண்டிருப்பது பெரும்பாலும் மலம் அல்ல. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மலம் தண்ணீரில் கரையும். நான்கு அங்குலக் குழாயை அடைக்கிற வலு அதற்குத் தனியாகக் கிடையாது. அடைப்பது எது? குழந்தைக்குக் கட்டிக் கழற்றிய டயாப்பர். சானிட்டரி நாப்கின். அதற்குள் இருக்கிற பொடி தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்து ஊதும். கையளவு போட்டது குழாயளவு ஆகும். ஷாம்பு பாக்கெட், சவரப் பிளேடு, தலைமுடிச் சுருள், ஆணுறை, தேய்ந்த சோப்பு, மீந்துபோன சாம்பார், துடைத்துப் போட்ட வைப்ஸ். வைப்ஸ் கவரில் 'பிளஷ் செய்யலாம்' என்று போட்டிருக்கும், நம்பாதீர்கள். லண்டன் வைட்சாப்பல் சாக்கடையில் 2017இல் இந்த வைப்சும் சமையல் கொழுப்பும் சேர்ந்து 250 மீட்டர் நீளத்துக்குப் பாறையாக இறுகிக் கிடந்தது, 130 டன். குப்பைத்தொட்டிக்குப் போகவேண்டியதை எல்லாம் ஓட்டைக்குள் தள்ளிவிட்டுத் தண்ணீர் ஊற்றுகிறீர்களே, எதனால்? கண்ணுக்கு மறைந்தால் போதும். மறைந்த இடத்தில் யாருடைய கை நுழையப்போகிறது என்பது உங்கள் கணக்கில் இல்லை.

நாப்கினைக் குப்பையில் போட வெட்கம் என்பார்கள். காகிதத்தில் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டுத் தனியாகக் கொடுங்கள். 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளே சுற்றித்தான் கொடுக்கச் சொல்லின. அந்தக் குப்பையையும் பிரிப்பது எங்கள் வீட்டுப் பெண்கள்தான். உங்கள் வெட்கம் அவர்கள் விரலில் ஒட்டுகிறது.

தண்ணீர்க் கஞ்சத்தனம் இன்னொரு காரணம். அரைச் சொம்பு ஊற்றிவிட்டு வந்தால் மலம் வளைவைத் தாண்டாது, நின்று காயும். உப்புத்தண்ணீர் ஊர்களில் குழாய்க்குள் கல்போலப் படிவு ஏறி, நான்கு அங்குலம் மூன்றாகி, இரண்டாகும். புது வீடு என்றால் வேலை முடிந்த அன்று சிமெண்ட் சட்டியைக் கக்கூசில் கழுவி ஊற்றியிருப்பார்கள், அது உள்ளே இறுகியிருக்கும். குழாய்க்கு வாட்டம் நாற்பதடிக்கு ஓரடியாவது இருக்க வேண்டும். வாசலில் வாஸ்துவுக்கு ஆறு மாதம் அலைகிறவர் இந்த வாட்டத்தை ஒருநாள் நின்று பார்ப்பதில்லை.

இனி எடுக்கிற விதம். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது என் அம்மா. நகராட்சியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இஞ்சினியரிங் கல்லூரியில் கட்டணம் கட்டிப் படிக்கிற விசயம் அவர் கையில் இருந்தது. யாரும் அதைப் படிப்பு என்று சொன்னதில்லை.

முதலில் தண்ணீர் எப்படி இறங்குகிறது என்று பார். அப்படியே நிற்கிறதா, மெதுவாக இறங்குகிறதா, கொடகொட என்று குமிழி விடுகிறதா? நிற்கிறது என்றால் மறுபடி பிளஷ் அழுத்தாதே. அழுத்தினால் பொங்கித் தரைக்கு வரும். தொட்டிக்குப் போகிற திருகை மூடு. மெதுவாக இறங்குகிறது என்றால் ஒரு கைப்பிடி சோப்புத் தூளைப் போட்டு, கை பொறுக்கிற சூட்டில் ஒரு வாளி வெந்நீரை இடுப்பு உயரத்திலிருந்து ஒரே மூச்சில் ஊற்று. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பீங்கான் விரியும், பிவிசி குழாய் நெளியும். அரைமணி நேரம் விடு. பாதி அடைப்பு இதற்கே போய்விடும்.

போகவில்லையா, பிளஞ்சர். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். ஓர் ஆளை ஒருமுறை கூப்பிடுகிற காசுக்குள் வாங்கிவிடலாம், வருடக்கணக்கில் வரும். வெஸ்டர்ன் கக்கூசுக்கு உள்ளே இன்னொரு உதடு நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரியைக் கேட்டு வாங்கு. ரப்பர் கிண்ணம் ஓட்டையை முழுசாக மூட வேண்டும், கிண்ணம் மூழ்குகிற அளவு தண்ணீர் இருக்க வேண்டும். நான் முதல் தடவை காய்ந்த ஓட்டையில் குத்தோ குத்தென்று குத்தினேன். அம்மா சிரித்துவிட்டார். "காத்தக் குத்திக்கிட்டிருக்கடா. தண்ணிய ஊத்து. கிண்ணத்தச் சாய்ச்சு எறக்கு, உள்ள இருக்கற காத்து வெளிய போகட்டும். அப்புறம் நேராப் புடி." முதல் குத்து மெதுவாக, இல்லையென்றால் முகத்தில் தெறிக்கும். பிறகு கிண்ணத்தைத் தூக்காமலே பதினைந்து இருபது தடவை அழுத்தி இழுக்க வேண்டும். எல்லோரும் அழுத்துவதில்தான் பலத்தைக் காட்டுகிறார்கள். அடைப்பை அசைப்பது பாதிக்குமேல் இழுப்புதான். கடகடவென்று ஒரு சத்தத்தோடு தண்ணீர் இறங்கும். பிளஞ்சர் இல்லாத வீட்டில் பழந்துணியைக் குச்சி முனையில் பந்தாகக் கட்டி, பாலித்தீன் பையைப் போட்டு இறுக்கிக் குத்தலாம்.

அதற்கும் மசியாவிட்டால் ஸ்பிரிங் கம்பி. கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே உள்ளே விட வேண்டும். முட்டுகிற இடத்தில் தள்ளாதே. சுற்று, கொக்கி மாட்டும், இழு. வெளியே வருவது உன் வீட்டு டயாப்பராக இருக்கும், அடையாளம் தெரியும்.

ஆசிட் ஊற்றுகிறார்களே, அது எனக்கு ஆத்திரம் வருகிற இடம். ஆசிட் துணியையோ பிளாஸ்டிக்கையோ கரைக்காது. வளைவில் நிற்கிற தண்ணீரோடு ஆசிட்டாகவே நிற்கும். உன்னால் முடியவில்லை என்று நீ கூப்பிடுகிற ஆளின் கை அதற்குள்தான் போகும். ஊற்றியதைச் சொல்லக்கூட மாட்டீர்கள். போதாததற்கு மேலே பிளீச்சிங் பவுடரையும் தூவுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. 1915இல் ஈப்ர போர்முனையில் ஜெர்மன் படை பிரெஞ்சுச் சிப்பாய்கள்மேல் திறந்துவிட்டது அந்த வாயுவைத்தான். நீங்கள் அதைக் கதவு மூடிய நாலடி அறையில் திறந்துவிடுகிறீர்கள்.

இத்தனைக்கும் போகவில்லை என்றால் முற்றத்தில் இருக்கிற சேம்பர் மூடியைத் திறந்து பார். உள்ளே காய்ந்து கிடந்தால் அடைப்பு கக்கூசுக்கும் சேம்பருக்கும் நடுவில். இந்தப் பக்கமிருந்தே கம்பியை விடலாம். சேம்பர் தளும்பி நின்றால் அடைப்பு அதற்கு அப்பால். குமிழி விடுகிற கக்கூசுக்கு மொட்டைமாடியில் நிற்கிற காற்றுக்குழாயைப் பார். குளவிக் கூடோ குருவிக் கூடோ இருக்கும்.

வீட்டிலுள்ள எல்லாக் கக்கூசும் ஒன்றாக மந்தமாகிவிட்டது, மழை பெய்தால் எதிர்த்து வருகிறது என்றால் குழாயில் குற்றமில்லை. செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டியதைப் பத்து வருடம் எடுக்காமல் விட்டிருப்பீர்கள். நீயே எடு என்று இதுவரை சொன்னது இந்த இடத்தில் செல்லாது. நீயும் இறங்காதே, எவனையும் இறக்காதே. உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறது. முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும், அளவு கூடினால் மூக்கு செத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லையே என்று இறங்கியவன் இரண்டு மூச்சில் விழுவான். அவனைத் தூக்க இறங்குகிற தம்பியும் விழுவான். செய்தித்தாளில் எப்போதும் இரண்டு மூன்று பேராகவே சாகிறார்களே, அது இப்படித்தான். உறிஞ்சுகிற லாரியைக் கூப்பிடு. குழாய் இறங்கட்டும், மனிதன் இறங்கக் கூடாது.

சட்டம் இருக்கிறது. 1993இல் ஒன்று வந்தது. 2013இல் இன்னொன்று வந்தது, அந்த வருடம் டிசம்பர் 6 அன்று, அம்பேத்கர் நினைவு நாளில், நடைமுறைக்கும் வந்தது. அதன் 7ஆம் பிரிவு பாதுகாப்பில்லாமல் சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ சுத்தம் செய்ய எந்த நபரும் ஆளை வைக்கக் கூடாது என்கிறது. நகராட்சி மட்டுமல்ல, 'எந்த நபரும்'. அதாவது வீட்டுக்காரரே, நீங்கள்! முதல் குற்றத்துக்கே இரண்டு வருடம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. உயிருக்கு விலை ஏறியிருக்கிறது. சாக்கடைச் சாவில் நாட்டிலேயே முன்வரிசையில் நிற்பது சமூகநீதி மண்ணான நம் தமிழ்நாடு. 2021 ஜூலையில் மாநிலங்களவையில், கையால் மலம் அள்ளியதால் யாரும் சாகவில்லை என்று பதில் கொடுத்தார்கள். சாக்கடையில் செத்தவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்களாம், அது 'அபாயகரமான துப்புரவு' என்று வேறு தலைப்பாம். பதில் கொடுத்த இணை அமைச்சர் ராம்தாஸ் அதாவலே, ஒரு காலத்துத் தலித் பேந்தர்! யாரைப் போய்க் கேட்பது?

காந்தி 1936இல் 'ஹரிஜன்' இதழில் இலட்சியத் தோட்டி எப்படி இருக்க வேண்டும் என்று கட்டுரை எழுதினார். மலத்தின் தன்மையைப் பார்த்து உரியவரை எச்சரிக்கிற அளவுக்கு அவன் தேர்ந்தவனாக இருக்க வேண்டுமாம். தேர்ச்சி எங்களுக்கு வேண்டாம் அய்யா. நீங்கள் கொஞ்சம் தேர்ச்சி பெறுங்கள்.

இதுவரை சாதி இந்துவைத் திட்டினேன். படித்துக்கொண்டே வந்த நம் தோழர்கள் தலையாட்டியிருப்பீர்கள். ஒன்று கேட்கிறேன். பறையர் வீட்டில், பள்ளர் வீட்டில் கக்கூஸ் அடைத்தால் யாரைக் கூப்பிடுகிறீர்கள்? சேரியில் மாடிவீடு கட்டிய நம் ஆசிரியர், நம் தாசில்தார் யாரைக் கூப்பிடுகிறார்? அருந்ததியர் தெருவுக்குத்தானே ஆள் அனுப்புகிறீர்கள்? 'ஒங்க பக்கத்துல ஆள் இருந்தா' என்று போன மாதம் என்னிடம் தொலைபேசியில் கேட்ட இன்னொருவர் நம் மேடைகளில் பேசுகிறவர். பெயர் எழுதவில்லை. படித்தால் அவருக்குத் தெரியும். வீட்டுக்குள்ளேயும் ஒரு 'ஆள்' இருக்கிறாள். கூட்டத்துக்குப் போய் இரவு பத்து மணிக்கு வருகிற தோழரின் கக்கூசைத் தேய்ப்பது யார்? பிளஞ்சரை மனைவி கையில் கொடுத்துவிட்டு நான் சொன்னதைச் செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

"அப்ப அவங்க பொழப்பு?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களுக்கு அவர்கள் பிழைப்பில் வேறு எந்த நாளும் அக்கறை இருந்ததில்லை. என் அப்பாவுக்கு அடைப்பு எடுத்தால் அய்ந்து ரூபாய் கொடுப்பார்கள், தூக்கிப் போடுவார்கள். அந்த அய்ந்து ரூபாய் சாராயக்கடை தாண்டி வீட்டுக்கு வந்ததில்லை. குடிக்காமல் அந்த வேலையைச் செய்ய முடியாது என்று குடித்தார், நாற்பத்தாறு வயதில் செத்தார். இந்தப் பிழைப்பையா காப்பாற்றச் சொல்கிறீர்கள்? இயந்திரம் கொடு, உறை கொடு, மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் கொடு, அந்த வேலைக்கு எல்லாச் சாதியிலிருந்தும் ஆள் எடு. அப்போது பிழைப்பைப் பற்றிப் பேசலாம்.

அம்மா சிரித்தார் என்று எழுதினேன். அது பிறகு நடந்தது. நான் முதன்முதலாகப் பிளஞ்சரைக் கையில் எடுத்ததைப் பார்த்தபோது அவர் அழுதார். "இதுக்காடா ஒன்னப் படிக்க வச்சேன்?" என்று கையிலிருந்து பிடுங்கினார். "நம்ம வீட்டுப் பீம்மா, நாமதான எடுக்கணும்" என்றேன். "ஒனக்குத் தெரியாது" என்றார். ரொம்ப நேரம் வாசலில் உட்கார்ந்திருந்தார். பிறகுதான் வந்து காற்றைக் குத்துகிறாய் என்று சொன்னது.

போகியன்று பதினோரு மணிக்கு வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். கையில் மூங்கில் பத்தை ஒன்று, வேறு எதுவுமில்லை. மாடி வராந்தாவிலிருந்து பார்த்தால் பின்பக்கக் கக்கூஸ் வாசல் தெரியும். மூங்கில் வளையவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு முட்டிபோட்டார். முழங்கை வரை கை உள்ளே போனது. பேரனுடைய டயாப்பர், அவர் வெளியே எடுத்துப் போட்டபோது தலையணை அளவு ஊதியிருந்தது. என் பிளஞ்சர் பத்தடி தள்ளிப் படிக்கட்டுச் சுவரில் சாய்ந்தபடியே இருந்தது, ஈரம்கூடப் படாமல்.

நான் இறங்கிப் போய்க் குத்தியிருந்தால் அந்தக் கை உள்ளே போயிருக்காது. குத்தியிருந்தால் அன்றிலிருந்து நான் அந்த வீட்டுக்கு ஆள். இரண்டும் எனக்குத் தெரிந்துதான் நின்றுகொண்டிருந்தேன். வீட்டுக்காரர் முந்நூறு ரூபாயைத் திண்ணையில் வைத்தார். மருமகள் உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றினார்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தாளு கை கழுவ சோப்பு கேட்டாரா?" என்றார்.

"கேட்டாரும்மா. இல்லன்னுட்டாங்க."

"நம்ம வீட்ல இருந்துச்சே. நீ கொண்டு போய்க் குடுத்தியா?"

நான் மாடியிலேயே நின்றிருந்தேன்.